ஒருவரைத் தடுக்க எத்தனை பேர் வந்தார்கள்?

2002-இல் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் டெரெல் சக்ஸ் ஒரே பருவத்தில் 24 சாக் எடுத்தார், அதாவது பந்தை எறியப் பார்க்கும் எதிரணி வீரரை எறிவதற்கு முன்பே 24 முறை பிடித்துச் சாய்த்தார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் அதிகாரபூர்வக் கணக்கில் பெரிய சாதனை அது. 2021-இல் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியின் ஜோர்டன் டேவிஸ் எடுத்தது 2 சாக். ஆனாலும் அந்த ஆண்டு நாட்டின் சிறந்த தற்காப்பு வீரருக்கான பெட்னாரிக் விருது டேவிஸுக்குத்தான் கிடைத்தது. அதே ஆண்டில் மிச்சிகன் அணியின் எய்டன் ஹட்சின்சன் 14 சாக் எடுத்திருந்தார். அப்படியிருந்தும் 2 சாக் எடுத்தவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் யாருக்கும் இது குழப்பமாகத்தான் இருக்கும். எண்ணிக்கையை வைத்துத்தானே விளையாட்டு வீரர்களை ஒப்பிடுகிறோம்? தற்காப்பு வரிசை வீரர்கள் விஷயத்தில் எண்ணிக்கை பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதிக் கதையை எங்கே தேடுவது என்று தெரிந்துகொண்டால், ஆட்டத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும். எனக்கு அப்படித்தான் மாறியது.

முதலில் களத்தைப் பார்த்துவிடலாம். இரு பக்கமும் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள்; அதற்குள் 10 யார்டு, அதாவது சுமார் 9 மீட்டர், முன்னேறியாக வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். ஒவ்வொரு முறையும் நடுவில் குனிந்து நிற்கும் சென்டர், பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் இருக்கும் குவார்ட்டர்பேக்கிடம் தள்ளுவார். குவார்ட்டர்பேக் அதை வாங்கி ரன்னிங் பேக்கின் கையில் கொடுத்து ஓடவிடலாம், தூரத்தில் ஓடும் சக வீரருக்கு எறியலாம், தானே ஓடவும் செய்யலாம்.

குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் போல நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, அதற்கும் வெளியே டாக்கிள். இவர்கள் தாக்குதல் வரிசை. இவர்களுக்கு எதிரே, மூக்குக்கு மூக்கு நிற்பவர்கள்தான் தற்காப்பு வரிசை. வழக்கமாக மூன்று பேர் அல்லது நான்கு பேர். ஓரத்தில் நிற்பவர் டிஃபென்சிவ் எண்ட். உள்ளே நிற்பவர் டிஃபென்சிவ் டாக்கிள். சென்டருக்கு நேர் எதிரே நிற்பவரை நோஸ் டாக்கிள் என்பார்கள். இவர்களுக்குச் சில அடி பின்னால், பந்து எங்கே போகிறது என்று பார்த்துப் பாய்வதற்குத் தயாராக லைன்பேக்கர்கள் நிற்பார்கள்.

ஒரு சின்னக் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். டாக்கிள் என்பது நிற்கும் இடத்தின் பெயராகவும் வரும், பந்து வைத்திருப்பவரைப் பிடித்துக் கீழே தள்ளும் செயலின் பெயராகவும் வரும். பந்தை எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கைப் பின்னாலேயே பிடித்துச் சாய்த்தால் அது சாக். இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை. ஓடுபவரையோ குவார்ட்டர்பேக்கையோ ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கினால் டாக்கிள் ஃபார் லாஸ். எதிரணி இருந்த இடத்தையும் இழக்கும். தற்காப்பு வரிசை வீரர்களைப் பற்றிப் பேசும்போது வரும் எண்கள் பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

சரி, இப்போது 2 சாக் எடுத்த டேவிஸிடம் வருவோம்.

ஆறடி ஆறங்குலம், 154 கிலோ. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் சோதனையில் அந்த எடையோடு 40 யார்டை 4.78 விநாடியில் ஓடினார். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆனால் ஜார்ஜியா அவருக்குக் கொடுத்த வேலை ஓடுவது கிடையாது. நடுவில் நின்று, தன் இரு பக்கமும் இருக்கும் இடைவெளிகளை அடைப்பதுதான் வேலை. தாக்குதல் வரிசையில் ஒவ்வொரு இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும். ஓடுபவர் நுழையப் பார்ப்பது அந்தச் சந்தில்தான். சாதாரணமாக ஒரு தற்காப்பு வீரர் ஒரு சந்தைப் பார்த்துக்கொள்வார். டேவிஸ் மாதிரி ஆள், எதிரே இருப்பவரின் நெஞ்சில் கை வைத்து நிமிர்த்திப் பிடித்து, இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் என இரண்டு சந்தையும் ஒரே ஆளாகக் காப்பார்.

அப்படிப்பட்டவரை ஒரே ஆளால் நகர்த்த முடியாது. சென்டரும் கார்டும் சேர்ந்து இரண்டு பேராகத் தள்ளுவார்கள். இதற்கு டபுள் டீம் என்று பெயர். என்னைக் கேட்டால், இந்த ஆட்டத்தில் புதியவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய சொல் இதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிரணியில் தடுப்பதற்கென்று இருப்பவர்களே ஐந்து பேர். அதில் இரண்டு பேர் ஒருவர்மேலேயே செலவாகிவிட்டால், மீதி மூன்று பேர்தான். யாரோ ஒரு தற்காப்பு வீரர் தடுப்பாரே இல்லாமல் நிற்பார். 2021 ஜார்ஜியாவில் அப்படி நின்றவர் பெரும்பாலும் டேவிஸுக்குப் பின்னால் இருந்த லைன்பேக்கர் நகோபி டீன். அந்த ஆண்டு நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதை டீன் வாங்கினார். அவர் திறமையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அவர் பிடித்த பல டாக்கிள்களுக்கு வழிவிட்டது முன்னால் இரண்டு பேரைத் தாங்கி நின்றவர்தான்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புரியும். ஒரு முனையில் ஒருவர் ஓவருக்கு ஓவர் ரன் கொடுக்காமல் கட்டிப் போடுவார். பொறுமை இழந்த மட்டையாளர் மறுமுனையில் அடிக்கப் போய் ஆட்டமிழப்பார். விக்கெட் எழுதப்படுவது மறுமுனைக்காரர் பெயரில். டபுள் டீம் வாங்கும் வீரரின் நிலையும் அதுவேதான். எந்தப் புள்ளிவிவரத் தாளிலும் அவர் உழைப்புக்குத் தனிக் கட்டம் இருக்காது.

டேவிஸ் மேல் ஒரு நியாயமான குறையும் உண்டு. எதிரணி பந்தை எறியப் போகிறது என்று தெளிவாகத் தெரியும் கட்டங்களில் அவரை வெளியே அழைத்து, வேகமான ஆளை அனுப்புவார்கள். ஆட்டம் முழுக்கக் களத்தில் இருந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஒப்பிடும்போது அதையும் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும். அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களும் சாதாரணமானவர்கள் இல்லை. அடுத்த ஆண்டு தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். டிராஃப்டில், அந்த ஒரே ஜார்ஜியா தற்காப்பிலிருந்து ஐந்து பேர் முதல் சுற்றில் போனார்கள். நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்ட டிராவன் வாக்கரும் அதில் ஒருவர்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆரன் டொனால்ட். 2013-இல் அவர் அணி 7 ஆட்டங்களில் வென்றது, 6-இல் தோற்றது. எதிரணிப் பயிற்சியாளர்கள் எல்லாருக்கும் தெரியும், இந்த அணியில் அடக்க வேண்டிய ஆள் ஒருவர்தான் என்று. அப்படித் திட்டம் போட்டு வந்தும் முடியவில்லை. 11 சாக், 28.5 டாக்கிள் ஃபார் லாஸ். உள்ளே நிற்கும் டாக்கிளுக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை. இத்தனைக்கும் உயரம் ஆறடி ஓரங்குலம், எடை 130 கிலோவுக்கும் கீழே. அந்த இடத்துக்குச் சிறிய உருவம் என்றுதான் பேசினார்கள். கல்லூரி விருதுகள் குவிந்தன. டிராஃப்டிலோ 12 பேர் எடுக்கப்பட்ட பிறகு 13-ஆவதாகத்தான் அவர் பெயர் வந்தது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்ளே நிற்பவரின் சாக்கும் ஓரத்தில் நிற்பவரின் சாக்கும் ஒரே எடை கொண்டவை இல்லை. ஓரத்தில் நிற்கும் எண்டுக்கு வளைந்து ஓட இடம் இருக்கும், எதிரே பல நேரம் ஒருவர்தான் இருப்பார். உள்ளே நிற்பவருக்கு இரு பக்கமும் ஆள். அதனால்தான் ஒரு டாக்கிளின் 11 சாக்கை ஒரு எண்டின் 16 சாக்கோடு அப்படியே தராசில் வைக்கக் கூடாது என்கிறேன். ஓஹியோ ஸ்டேட்டின் சேஸ் யங் 2019-இல் 12 ஆட்டங்களில் 16.5 சாக் எடுத்தது அபாரமான பருவம்தான். ஆனால் அவர் நின்றது ஓரத்தில்.

சௌத் கரோலினாவின் டிஃபென்சிவ் எண்ட் ஜெடவியன் க்ளௌனி கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2013 ஜனவரி 1, டாம்பா நகரில், பருவ முடிவில் நடக்கும் அவுட்பேக் பௌல் ஆட்டம். சௌத் கரோலினாவுக்கும் மிச்சிகனுக்கும் போட்டி. நான்காம் கால்பகுதியில் மிச்சிகனின் வின்சென்ட் ஸ்மித் கைக்குப் பந்து வந்த அதே கணத்தில் க்ளௌனி வந்து மோதினார். ஸ்மித்தின் ஹெல்மெட் பறந்தது, பந்து கீழே உருண்டது, க்ளௌனி அதை ஒரு கையாலேயே அள்ளிக்கொண்டார். அடுத்த வீச்சிலேயே சௌத் கரோலினா டச்டவுன் அடித்தது, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்தது. கடைசியில் 33-28 என்று வென்றது. அந்தச் சில விநாடிகள் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடின.

அந்தக் காட்சியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். க்ளௌனியை யாரும் தடுக்கவே இல்லை. மிச்சிகன் வரிசையில் யார் அவரைப் பார்த்துக்கொள்வது என்பதில் குழப்பம் வந்துவிட்டது. அன்று பெரும்பாலான நேரம் அவருக்கு எதிரே நின்றவர் டெய்லர் லுவான், பிறகு 2014 டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போன டாக்கிள். அவர் க்ளௌனியை நன்றாகவே சமாளித்தார். ஆகவே அந்த ஒரு மோதலை வைத்து க்ளௌனியை அளந்தால் தப்பாகிவிடும். அவர் வேகத்தை அது காட்டுகிறது. தடுப்பவரை எப்படி வெல்வார் என்பதைக் காட்டவில்லை.

அதற்கு அடுத்த பருவம் இன்னும் சுவாரசியம். 2012-இல் 13 சாக் எடுத்தவர், 2013-இல் எடுத்தது 3. கெட்டுப்போய்விட்டார், மனசு ஆட்டத்தில் இல்லை என்றெல்லாம் பேச்சு எழுந்தது. காயங்கள் இருந்தது உண்மை. அதோடு எதிரணிகளும் அவரை விட்டு விலகி ஆடின. அவர் நிற்கும் பக்கம் ஓடுவதைக் குறைத்தார்கள். எறிவதாக இருந்தால் பந்து கைக்கு வந்ததும் எறிந்துவிட்டார்கள். ஓடுபவரையும் கூடுதல் தடுப்பாளராக அவர்மேல் ஏவினார்கள். இப்படி ஓர் ஆள் எதிரணியின் ஆட்டப் புத்தகத்தையே மாற்ற வைத்தால், அது எந்தக் கட்டத்தில் எழுதப்படும்? 2014 டிராஃப்டில் தொழில்முறை அணியான ஹூஸ்டன் டெக்சன்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. அந்த 3 சாக் பருவத்துக்குப் பிறகுதான் எடுத்தது.

பழைய காலத்து வீரர்களைக் கொண்டுவந்து ஒப்பிடும்போது சிக்கல் இன்னும் கூடும். கல்லூரி ஆட்டத்தை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு சாக்கை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 2000-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் உள்ள எண்கள் அந்தந்தப் பல்கலைக்கழகம் எழுதி வைத்தவை. 2002-க்கு முன்பெல்லாம் பருவ முடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்களை அதிகாரபூர்வக் கணக்கில் சேர்க்கவும் மாட்டார்கள். 1972 வரை முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடவும் முடியாது. அதனால் அன்றைய வீரருக்கு மூன்று பருவம், பிறகு வந்தவருக்கு நான்கு.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், அன்று பந்தை எறிவதே குறைவு. 1971-இல் ஓக்லஹோமா ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 472 யார்டு ஓடியே எடுத்தது. எறியவே எறியாத அணியிடம் சாக் எங்கிருந்து எடுப்பது? அந்த ஆண்டு நவம்பர் 25 அன்று, நார்மன் நகரில், நாட்டின் முதலிடத்தில் இருந்த நெப்ராஸ்கா அந்த ஓக்லஹோமாவைச் சந்தித்தது. நெப்ராஸ்காவின் நடுவில் நின்றவர் ரிச் குளோவர். எடை 106 கிலோ அளவுதான். இன்றைய கணக்கில் நோஸ் டாக்கிள் என்றே சொல்ல மாட்டார்கள். அவருக்கு எதிரே நின்ற சென்டர் டாம் பிரஹேனி நாட்டின் சிறந்த சென்டர்களில் ஒருவர். அன்று குளோவர் பிடித்த டாக்கிள் 22. நடுவில் நிற்கும் ஒருவர் 22 டாக்கிள் பிடிப்பது எவ்வளவு அரிது என்பது, டேவிஸ் 2021 பருவம் முழுக்கப் பிடித்தது 32 என்று தெரிந்தால் விளங்கும். நெப்ராஸ்கா 35-31 என்று வென்றது. அடுத்த ஆண்டு குளோவர் வரிசை வீரர்களுக்கான அவுட்லேண்ட், லொம்பார்டி இரண்டு விருதுகளையும் வாங்கினார். கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான, பெரும்பாலும் தாக்குதல் வீரர்களுக்கே போகும் ஹைஸ்மன் கோப்பைக்கான வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பிடித்தார். தொழில்முறை லீக்கில் அவர் நீண்ட நாள் நிலைக்கவில்லை. அதைக் காட்டி அவர் கல்லூரிப் புகழைக் குறைப்பவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேள்வி கல்லூரி ஆட்டத்தைப் பற்றியது.

ஓக்லஹோமா பக்கமும் ஆள் இருந்தார்கள். செல்மன் சகோதரர்கள் லூஷியஸ், டூவி, லீ ராய் மூவரும் 1973-இல் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். யூஃபாலா ஊர்க்காரர்கள். லீ ராய் ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. அண்ணன்மார் இருவரும் பக்கத்தில் நிற்க, எந்த எதிரணிதான் இரண்டு பேரை ஒரே ஆள்மேல் அனுப்பத் துணியும்? 1974, 1975 இரண்டு ஆண்டும் ஓக்லஹோமா தேசிய சாம்பியன். 1976 டிராஃப்டில் லீ ராய்தான் முதல் ஆள்.

1960-களுக்குப் போனால் பப்பா ஸ்மித். ஆறடி ஏழங்குலம், டெக்சஸின் போமன்ட் ஊர். தென்மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் பல, கறுப்பின மாணவர்களை அணியில் சேர்க்காத காலம் அது. அதனால் அவர் வடக்கே மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 1966 நவம்பர் 19 அன்று நோட்டர்டேம் அணியோடு நடந்த புகழ்பெற்ற 10-10 சமநிலை ஆட்டத்தில், எதிரணிக் குவார்ட்டர்பேக் டெரி ஹன்ராட்டி முதல் கால்பகுதியிலேயே காயப்பட்டு வெளியேறியது ஸ்மித்தின் மோதலால். அந்த ஆட்டத்தில் நோட்டர்டேமுக்கு எண்டாக ஆடிய ஆலன் பேஜ் பின்னாளில் மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். ஸ்மித்தின் காலத்தவர்களை இன்றையவர்களோடு ஒப்பிடும்போது, நாட்டின் பாதித் திறமைக்குக் கதவடைத்திருந்த அணிகளும் அன்று களத்தில் இருந்தன என்பதை மறக்கக் கூடாது.

இடத்தின் பெயரும் ஏமாற்றும். பிட்ஸ்பர்க்கின் ஹியூ கிரீன் 1977 முதல் 1980 வரை நான்கு ஆண்டில் 53 சாக் எடுத்தார் என்று பல்கலைக்கழகக் கணக்கு சொல்கிறது. 1980 ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். தாளில் அவர் டிஃபென்சிவ் எண்ட். எடையோ 100 கிலோவைச் சற்றே தாண்டியது. தொழில்முறை லீக்கில் லைன்பேக்கராகத்தான் ஆடினார். மறு ஓரத்தில் அவரோடு ஆடியவர் ரிக்கி ஜாக்சன், பிற்காலத்தில் தொழில்முறைப் புகழரங்கில் இடம்பெற்றவர். இரண்டு ஓரமும் எரியும்போது எதிரணி எதை அணைக்கும்?

இதையெல்லாம் வைத்து ஒரே ஒரு பருவத்தைத் தேர்ந்தெடு என்றால், நான் தயங்காமல் நெப்ராஸ்காவின் என்டமக்கன் சூவின் 2009-ஐத்தான் சொல்வேன். அவர் உள்ளே நிற்கும் டாக்கிள். அப்படியிருந்தும் 85 டாக்கிள், 12 சாக். போதாக்குறைக்கு எதிரணி உதைத்த பந்தை மூன்று முறை தடுத்தார், ஒரு வீச்சைக் கையில் பிடித்தே பறித்தார். ஏ.பி. செய்தி நிறுவனத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருதை வாங்கிய முதல் தற்காப்பு வீரர் அவர்தான்.

டிசம்பர் 5, ஆர்லிங்டன் நகரில் நடந்த, பிக் 12 என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டம் ஒன்றே போதும். எதிரே தோல்வியே காணாத டெக்சஸ், குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காய். நெப்ராஸ்காவின் தாக்குதல் அன்று எடுத்தது மொத்தமே 106 யார்டு. அதாவது சொந்த அணியிடமிருந்து உதவி என்று எதுவுமே கிடையாது. தற்காப்பு மூச்சு வாங்க உட்கார்ந்தால் மறுபடி எழுந்து போக வேண்டிய நிலைமை. அந்த நிலையில் சூ 12 டாக்கிள் பிடித்தார். அதில் 7 கோட்டுக்குப் பின்னால். 4.5 சாக். தன்னைத் தள்ளும் கார்டைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, மெக்காயின் சட்டையைப் பற்றிச் சுழற்றித் தரையில் போடும் காட்சி ஒன்று உண்டு. இத்தனை பெரிய ஆளுக்கு அந்தக் கை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடிந்துவிட்டது என்று தோன்றிய பிறகு கடிகாரத்தில் ஒரே ஒரு விநாடி திருப்பி வைக்கப்பட்டு, 46 யார்டு தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்த உதையில் டெக்சஸ் 13-12 என்று வென்றது. ஹைஸ்மன் வாக்கெடுப்பில் சூவுக்கு நான்காம் இடம்தான் கிடைத்தது. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

நீங்களே பழகிப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 2021 ஜார்ஜியா ஆட்டம் எதையாவது போடுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். நடுவில் நிற்கும் 99 எண் சட்டையை மட்டும் பாருங்கள்; அவர்மேல் எத்தனை பேர் கை வைக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அப்புறம் அதே காட்சியைத் திருப்பி ஓடவிட்டு, அவருக்குப் பின்னால் 17 எண் சட்டை என்ன செய்கிறது என்று பாருங்கள். பத்துப் பதினைந்து முறை இப்படிப் பார்த்த பிறகு, சூவின் டெக்சஸ் ஆட்டத்தைப் போட்டு 93-ஐத் தேடுங்கள்.